விழுப்புரத்தில் வெளியே வந்த ஏழு முடிகள்

ரயில் செங்கல்பட்டைத் தாண்டியதும் முன்னந்தலையில் ஊசி குத்துவதுபோல வலித்தது. கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டு, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கண்ணாடியில் பார்த்தேன். நெற்றிக்கு மேலே, வகிடு தொடங்க வேண்டிய இடத்தில், இரண்டு சிவந்த கொப்புளங்கள். முந்தின நாள் கிள்ளானில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியபோது அவை இல்லை. செய்யக்கூடாது என்று தெரிந்தும் ஒன்றை நகத்தால் அழுத்தினேன். அந்த நேரம் பார்த்து ரயில் குலுங்கியது. நகம் ஆழமாக இறங்கிவிட்டது.

நான் மலேசியாவில், கிள்ளானில், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறேன். பெயர் வாசுகி. வயது முப்பத்தெட்டு. பதினொரு வருடத்துக்கு முன்னால் தம்பி குணா ஓட்டிய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனபோது மழையில் வழுக்கி விழுந்தோம். நான் ஹெல்மெட் வாரைச் சரியாகப் பூட்டவில்லை. அது கழன்று ஓட, என் தலை தாரில் தேய்ந்துகொண்டே போனது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. நெற்றியிலிருந்து உச்சிவரை, உள்ளங்கை அகலத்துக்கு முடி முளைக்காத தழும்பு மட்டும் தங்கிவிட்டது. அன்றிலிருந்து தலையில் துணி. மலாய்ப் பெண்கள் பலரும் முக்காடு போடும் கிள்ளானில் தலையை மூடிய பெண்ணை யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்ப்பதில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

தை மாதம் கோலாலம்பூரில் முடி மாற்று சிகிச்சை செய்துகொண்டேன். பின்தலையிலிருந்து முடிகளை வேரோடு எடுத்து, ஒவ்வொன்றாகத் தழும்பில் வைத்தார்கள். தழும்புத் தோலில் எத்தனை தங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் மருத்துவர். நான்காவது மாதம் பஞ்சு மாதிரி முளைக்கத் தொடங்கியது. தினமும் கண்ணாடியில் பார்த்துப் பூரித்துப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை, குணாவிடம்கூட.

அவனிடம் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அவன் மூன்று வருடமாகச் சென்னையில் வேலை பார்க்கிறான். வேலை விஷயமாக விழுப்புரம் வந்தபோது காய்ச்சலுக்கு ரத்தம் பரிசோதிக்கப் போன இடத்தில் ஊசி குத்திய பெண்ணோடு பழக்கமாகி, இப்போது திண்டிவனத்தில் கல்யாணம் வரை வந்துவிட்டது. அம்மாவும் அப்பாவும் இல்லை. மாமா குடும்பம் கல்யாணத்துக்கு முதல் நாள்தான் வந்து சேரும். தாலி கட்டும்போது முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் அவனுடைய அக்காவோ தங்கையோ போட வேண்டும். அந்த இரண்டு முடிச்சையும் துணி இல்லாத தலையோடு, வகிடெடுத்து, பூ வைத்துக்கொண்டு போட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். குணா அதை அங்கே பார்க்க வேண்டும். ஒரு வாரம் முன்னதாகவே, பெண் தங்கியிருக்கும் விழுப்புரத்துக்குக் கிளம்பி வந்தது, கல்யாண வேலையில் கைகொடுக்கலாம் என்றுதான்.

விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கியபோது துணிக்கு அடியில் அந்த இடம் துடித்துக்கொண்டிருந்தது.

வெளியே ஷேர் ஆட்டோ நின்றது. மூன்று பேர் உட்காரச் செய்த வண்டியில் ஏழு பேர் இருந்தார்கள். "ஜல்தி ஏறுங்க, இன்னும் ரெண்டு பேர் ஒக்காரலாம்" என்றார் ஓட்டுநர். என் வேனில் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு பெல்ட் உண்டு. இங்கே ஓட்டுநருக்கே பாதி உடம்புதான் உள்ளே. மலேசியாவிலிருந்து வருகிறேன், சொந்தக்காரர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று தெருப் பெயரைச் சொன்னேன். ஹாரன் சத்தத்தில் அவருக்குப் பாதிதான் கேட்டிருக்கிறது. பத்து நிமிடம் கழித்துப் புதுப் பஸ் ஸ்டாண்டு வாசலில் என்னையும் பெட்டியையும் இறக்கிவிட்டு, "மலேசியா போணும்னா மெட்ராஸ் பஸ்ஸு அந்தாண்ட நிக்குதும்மா, ஏர்போர்ட்டு வழியாத்தான் போவும்" என்று அன்பாக வழி காட்டினார்.

கடைசியில் கல்யாணப் பெண்ணே வந்து என்னைக் கண்டுபிடித்தாள். கலைவாணிக்கு இருபத்தொன்பது வயது. விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அப்பா அம்மா திண்டிவனத்துக்குப் பக்கத்தில் பயிர் செய்கிறார்கள்; இவள் வேலைக்காக இங்கே அத்தை வீட்டில் இருக்கிறாள். போனில் பேசியிருக்கிறோம், நேரில் பார்ப்பது அன்றுதான்.

"அண்ணி, ஆட்டோக்காரரு மேல கோவப்படாதீங்க. அவரு நல்லதுதான் நெனச்சாரு" என்று சிரித்துக்கொண்டே பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

அத்தை முத்துலட்சுமி வாசலிலேயே நின்றிருந்தார். வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருப்பவர், கழுத்தில் அளவு நாடா தொங்கியது. "வாம்மா. இம்மாந்தூரம் வந்தது பேஜாராப் போயிருக்கும். கை கால் கழுவிக்கினு வா, டிபன் எடுத்து வைக்கிறேன்" என்றார். எங்கள் ஊரில் "பசியாறியாச்சா" என்றுதான் கேட்போம். அதைச் சொன்னதும் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. அதற்குப் பிறகு நான் அங்கே இருந்தவரை, வந்த போன எல்லோரையும் பசியாறியாச்சா என்றே கேட்டார்.

மறுநாள் கலைவாணி லீவு போட்டிருந்தாள். நலங்கு வைத்துவிட்டால் வெளியே விடமாட்டார்களாம், அதற்குள் எனக்கு ஒரு இடமாவது காட்ட வேண்டும் என்றாள். ஸ்கூட்டரை வெளியே எடுத்தாள். நான் பஸ்ஸில் போகலாம் என்றேன். அந்த விபத்துக்குப் பிறகு நான் இரண்டு சக்கர வண்டியில் ஏறியதே இல்லை. ஏன் என்று கேட்காமல் ஸ்கூட்டரைத் திரும்ப உள்ளே நிறுத்தினாள்.

காலையில் அத்தை கேப்பைக் கூழும் சின்ன வெங்காயமும் கொடுத்து, கைப்பையில் ஒரு பொட்டலத்தையும் திணித்தார். "அவிச்ச மல்லாட்டை, பஸ்ஸுல கொறிச்சிக்கினு போங்க." மல்லாட்டை என்றால் என்னவோ என்று பிரித்துப் பார்த்தால், நாங்கள் கச்சான் என்று சொல்லும் வேர்க்கடலை. ஆனால் உப்புப் போட்டு ஓட்டோடு அவித்தது. செஞ்சி பஸ்ஸில் உட்கார்ந்து மண்டகப்பட்டு வருவதற்குள் பொட்டலத்தைக் காலி செய்துவிட்டோம்.

மண்டகப்பட்டில் ஒரு முழுப் பாறையைக் குடைந்து பல்லவ ராஜா கட்டிய குகைக் கோயில் இருக்கிறது. வயலுக்கு நடுவில், பெரிய கூட்டமெல்லாம் இல்லாமல், தன்பாட்டுக்கு நிற்கிறது. பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்தோம். வைகாசி வெயில். எங்கள் ஊர் வெயிலில் ஈரம் இருக்கும். இது காய்ந்த வெயில், அடுப்புப் பக்கம் நடப்பது மாதிரி. துணிக்குள் வேர்வை ஊறி, ரயிலில் நகம் பட்ட இடம் எரிந்தது. கோயிலின் இரண்டு பக்கமும் காவலுக்கு நிற்கும் கல் ஆட்களைப் பார்த்துக்கொண்டே நிழலுக்குள் போனேன். உள்ளே குளிர்ந்திருந்தது.

"அண்ணி, துணியில ரத்தம்" என்றாள் கலைவாணி.

தொட்டுப் பார்த்தேன். ரத்தமும் சீழுமாக விரலில் ஒட்டியது. ஒன்றுமில்லை, வேர்க்குரு என்றேன். அவள் நம்பவில்லை.

"தெனமும் நூறு பேருக்கு ரத்தம் எடுக்கிறேன் அண்ணி. எனக்கு ஒண்ணும் ஆவாது. காட்டுங்க."

நான் அசையவில்லை. மருத்துவர்களைத் தவிர யாருக்கும் காட்டியதில்லை. இந்தப் பெண் இன்னும் ஆறு நாளில் எங்கள் குடும்பத்துக்கு வரப்போகிறவள். நாத்தனார் தலையில் இப்படி ஒன்று இருப்பது இவள் வீட்டுக்குத் தெரியுமா, தெரிந்தால் என்ன பேசுவார்கள் என்றெல்லாம் ஓடியது.

அவள் தூண் பக்கம் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். "அவரு மொத மொதல்ல எங்கிட்ட நல்லாப் பேசின அன்னைக்கே சொல்லிட்டாரு. எங்க அக்கா தலையில ஒரு தழும்பு இருக்குது, அது என்னாலதான், அத ஏத்துக்கினு வர்றதா இருந்தா மேல பேசலாம்னு. எங்க வீட்டுக்கும் அப்பவே சொல்லியாச்சு."

வண்டி வழுக்கியது மழையால், வாரைப் பூட்டாதது நான். அவனை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அதனால் அவனுக்கு ஒன்றும் இல்லை என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

துணியை அவிழ்த்தேன். கலைவாணி எழுந்து வந்து பார்த்தாள். இரண்டாக இருந்தது ஏழாகியிருந்தது. சிகிச்சை செய்துகொண்டதைச் சொன்னேன். வைத்த முடியெல்லாம் அழுகிப்போகிறதோ என்ற பயத்தையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். அவள் போன் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "உள்ளார கறுப்பா ஏதோ தெரியுது அண்ணி. நாளைக்குக் காலையில டாக்டரப் பாத்துடலாம்" என்றாள்.

சாயங்காலம் கோலாலம்பூர் மருத்துவமனைக்குப் படம் அனுப்பினேன். விடுமுறை என்றும், அழுத்தாமல் உடனே அருகில் உள்ள தோல் மருத்துவரிடம் காட்டவும் என்றும் தானாக ஒரு பதில் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை விழுப்புரத்தில் ஒரு தோல் மருத்துவரிடம் போனோம். நாற்பது வயது இருக்கும், கண்ணாடி போட்ட அம்மா. எங்களுக்கு முன்னால் பதினாறு பேர். ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம், "அரிப்புக்குப் பாக்க வந்தேன், இங்க ஒக்காந்து ஒக்காந்து அரிப்பே போயிடுச்சு, வூட்டுக்குப் போலாமான்னு யோசிக்கினு இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மருத்துவர் வட்டமான உருப்பெருக்கி விளக்கை இழுத்து என் தலைக்கு மேல் வைத்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு என் போனை வாங்கி, கண்ணாடி வழியாக ஒரு படம் எடுத்துக் காட்டினார். கொப்புளத்தின் தோலுக்கு அடியில் ஒரு முடி ஜிலேபி மாதிரி சுருண்டு கிடந்தது.

"வெச்ச முடி செத்துப்போயிருந்தா இப்படி ஆகாது. இது நல்லா வளருது. மேல வர வழி கிடைக்காம உள்ளயே சுத்திக்குது. அதைத் தோல் வெளியாளுன்னு நெனச்சு வீங்குது. முடி வெச்சவங்களுக்கு மூணாவது நாலாவது மாசத்துல இது வர்றதுதான்" என்றார்.

"அப்ப வீணாப் போகலையா டாக்டர்?"

"போகல. ஆனா நீங்க வீணாக்கப் பாத்திருக்கீங்க." நகம் பட்ட கொப்புளத்தைக் காட்டினார். "இது மட்டும்தான் சீழ் வெச்சிருக்கு. கிள்ளினீங்களா?"

ரயிலில் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஸ்பிரிட் வைத்துத் துடைத்து, மெல்லிய ஊசியால் தோலின் மேல்பகுதியை மட்டும் லேசாகத் திறந்து, சுருண்ட முடியின் நுனியை வெளியே எடுத்துவிட்டார். பிடுங்கவில்லை. பிடுங்கினால் மறுபடி உள்ளேயே முளைக்கும், வைத்த வேருக்கும் கெடுதல் என்றார். வலித்தது, ஆனால் எறும்பு கடித்த அளவுதான். கலைவாணி பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டே வந்தாள். அஞ்சு. ஆறு. கடைசியாகச் சீழ் வைத்ததிலிருந்து வந்த முடி எல்லாவற்றையும்விட நீளமாக இருந்தது. "ஏழு" என்று அவள் சொன்னபோது மருத்துவரே சிரித்துவிட்டார்.

பூசுவதற்கு ஒரு மருந்து. ஒரு நாளைக்கு மூன்று முறை சுத்தமான துணியை வெதுவெதுப்பான வெந்நீரில் நனைத்துப் பிழிந்து ஒத்தடம். மென்மையாகத் தலை குளிக்கலாம். எண்ணெய் கூடாது, சொறியக் கூடாது, கிள்ளக் கூடாது. நான் எழுந்து, பையிலிருந்து துணியை எடுத்துத் தலையில் வைத்தேன்.

"அது இருக்கே, அதுதான் பாதி வியாதி" என்றார் மருத்துவர். "தழும்புத் தோல் ஏற்கெனவே கெட்டி. அது மேல நாள் முழுக்க இறுக்கிக் கட்டி, வேர்வை, உராய்வு. முளைக்கிற முடி எந்தப் பக்கம் போகும்? இன்னையிலிருந்து எடுத்துடுங்க."

"ஞாயித்துக்கிழமை கல்யாணம் டாக்டர். அதுவரைக்கும் மட்டும் கட்டிக்கிறேனே. அன்னைக்கு எடுத்திடறேன்."

"அன்னைக்கு நல்லா இருக்கணும்னா இன்னைக்கு எடுக்கணும்."

வெளியே வந்து படிக்கட்டில் நின்றேன். துணி கையில் இருந்தது. தலையில் முக்கால் அங்குலமும் அரை அங்குலமுமாகக் கோழிக்குஞ்சு மயிர், நடுவில் ஏழு சிவப்புப் புள்ளிகள், மருந்தின் மினுமினுப்பு. என் கணக்குப்படி எல்லோரும் முதல் தடவையாகப் பார்க்க வேண்டிய நாள் ஞாயிற்றுக்கிழமை. பார்க்க வேண்டிய தலையும் இது இல்லை. கலைவாணி ஒரு படி கீழே காத்திருந்தாள். நான் துணியை நான்காக மடித்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். பதினொரு வருடத்தில் முதல் முறையாகத் தெருக் காற்று தலையில் பட்டது. குளித்துவிட்டு வந்ததுபோல இருந்தது.

திரும்பி வந்த ஷேர் ஆட்டோவில் எதிரே இரண்டு கல்லூரிப் பெண்கள். ஒருத்தி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு மற்றவளின் காதில் ஏதோ சொன்னாள். காதில்தான் சொன்னாள், ஆனால் ஆட்டோ முழுக்கக் கேட்டது: "அந்தச் செருப்பு சூப்பரா இருக்குதுடி. எங்க வாங்கியிருப்பாங்க?" கிள்ளான் சந்தையில் வாங்கிய சாதாரண ரப்பர் செருப்பு அது.

அத்தை தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். மிஷின் நின்றது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "இத்தினி நாளா இந்த வெயில்ல அதைக் கட்டிக்கினு ஏம்மா கஷ்டப்பட்ட? நான் அது உங்க ஊர் வழக்கமாக்கும்னு வாயத் தெறக்காம இருந்தேன்" என்றார். உடனே உள்ளே போய் விளக்கெண்ணெய்ப் பாட்டிலோடு வந்தார். கலைவாணி அதைப் பிடுங்கிக்கொண்டாள். எண்ணெய் வைத்தால் அடைத்துக்கொள்ளும் என்று அவள் சொன்னது அத்தைக்குக் கோபம். எண்ணெய் கெடுதல் என்று எந்த டாக்டர் சொன்னது, அவருக்கு எத்தனை முடி இருக்கிறது என்றெல்லாம் கேட்டார். அப்புறம் ஒத்தடம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் சமாதானமாகிவிட்டார். அது அவருக்குத் தெரிந்த வைத்தியம். போனில் மூன்று அலாரம் வைத்தார். அன்றும் மறுநாளும் ரவிக்கை தைக்கக் கொடுத்தவர்கள் வாசலில் நின்றாலும், அலாரம் அடித்ததும் எழுந்து வந்து, புதுத் துண்டை வெந்நீரில் முக்கி, தன் முழங்கையில் வைத்துச் சூடு பார்த்து, என் தலையில் வைத்தார். ரவிக்கைக்காரர்களும் உள்ளே வந்து பார்த்தார்கள். முதல் நாள் எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டாம் நாள் ஒத்தடத்தோடே அவர்களுடன் மரக்காணத்து மீன் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

புதன் சாயங்காலம் வீக்கம் பாதியாகக் குறைந்திருந்தது. சீழ் நின்றுவிட்டது.

வியாழக்கிழமை மூன்று பேருமாகத் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினோம். நெடுஞ்சாலை நன்றாக இருந்தது, ஓட்டுநரும் நன்றாக ஓட்டினார். விக்கிரவாண்டியைத் தாண்டியதும் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. வேன் ஓட்டுகிறவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். எழுந்து போய்க் கண்டக்டரிடம், பின்பக்கம் இடது டயரில் காற்று இறங்குகிறது, ஓரம் கட்டச் சொல்லுங்கள் என்றேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, ரோட்டு சத்தம். போய் ஒக்காருங்க" என்றார். இரண்டு கிலோமீட்டர் போனதும் பஸ் ஒரு பக்கமாக ஆடி நின்றது. எல்லோரும் இறங்கினோம். கண்டக்டர் குனிந்து டயரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்க இன்னாம்மா வேலை பாக்குறீங்க?"

"வேன் ஓட்டுறேன்."

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல" என்றார்.

டயர் மாற்றி முடிய முக்கால் மணி நேரம் ஆனது. சாலையோரத்தில் நாற்பது பேருக்கு நடுவில் வெறுந்தலையோடு நின்றேன். கலைவாணி குடை பிடித்தாள். கண்டக்டர் என்னிடம் வந்து, நட்டெல்லாம் சரியாக முடுக்கியிருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொன்னார். பார்த்துச் சொன்னேன். அத்தை அதைத் திண்டிவனம் வரும்வரை பக்கத்து சீட்டுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குக் குணா சென்னையிலிருந்து நேரே வந்து காத்திருப்பதாகச் சொல்லியிருந்தான். அவனைப் பார்த்து ஒன்றரை வருடம். தூரத்திலேயே தெரிந்துவிட்டான். கழுத்தை நீட்டிக் கூட்டத்தில் தேடிக்கொண்டு வந்தான். என் பக்கம் பார்த்தான், தாண்டிப் பார்த்தான், என்னைக் கடந்தே போய்விட்டான். அவன் தலைத்துணியைத் தேடுகிறான் என்று அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

"டேய் குணா" என்றேன்.

திரும்பினான். முகத்தைப் பார்த்தான். பிறகு தலையைப் பார்த்தான். பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அவன் நகரவில்லை. கலைவாணி அத்தையின் கையைப் பிடித்து, கொய்யாப் பழம் வாங்கலாம் என்று இழுத்துக்கொண்டு போனாள்.

"இது முடியா அக்கா?" என்றான்.

"முடிதான். தையில வெச்சேன். கொஞ்சம் உள்ளே மாட்டிக்கிச்சு, டாக்டர் எடுத்துவிட்டுட்டாங்க. உனக்குக் கல்யாணத்தன்னைக்குக் காட்டலாம்னு இருந்தேன்."

அவன் கையைத் தூக்கி, என் தலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, தொடாமல் இறக்கிக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"அப்ப ரொம்ப வலிச்சுச்சா கா?"

பதினொரு வருடத்தில் அவன் இதைக் கேட்டதே இல்லை. ஆஸ்பத்திரியில் கேட்கவில்லை, வீட்டில் கேட்கவில்லை. நானும் சொன்னதில்லை.

"வலிச்சுச்சு. நிறைய நாள் வலிச்சுச்சு" என்றேன். "இப்ப இல்ல. நீ என்னை வேணும்னே தள்ளிவிட்டியா? வாரைப் பூட்டாதது நான்தானே. அதைத் தூக்கிக்கிட்டு மேடை ஏறாதே, சரியா?"

அவன் தலையை ஆட்டினான். சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் பெட்டியை எடுத்துக்கொண்டான். நாலு அடி நடந்த பிறகு, "அழகா இருக்குக்கா" என்றான்.

வெள்ளிக்கிழமை காலை, மண்டபத்தில் எனக்குக் கொடுத்த அறையில், எட்டாவதாக ஒரு கொப்புளம் தட்டுப்பட்டது. இந்த முறை பயம் வரவில்லை. மண்டபச் சமையல்கட்டில் வெந்நீர் வாங்கி வந்து ஒத்தடம் கொடுத்தேன். நகத்தைக் கிட்டவே கொண்டுபோகவில்லை. மத்தியானம் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. சனிக்கிழமை காலை கண்ணாடியில் பார்த்தபோது அதுவாகவே தோலைத் திறந்துகொண்டு முடியின் நுனி வெளியே எட்டிப் பார்த்தது. ஊசி இல்லை, மருத்துவர் இல்லை. அறையில் தனியாக நின்று கைதட்டினேன். கிள்ளானிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய மாமி கதவைத் தட்டி, உள்ளே என்ன சத்தம் என்று கேட்டார். கதவைத் திறந்து தலையைக் காட்டினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு முகூர்த்தம். அலங்காரம் செய்ய வந்த பெண் என் முன்தலையைப் பார்த்து, பொய்முடி வைத்து மறைத்துவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம், உள்ளதை வைத்து வகிடெடுங்கள் என்றேன். சீப்பின் நுனியை அவள் நெற்றியில் வைத்து மேலே இழுத்தாள். அந்தக் கோடு தோலில் போவதை உணர்ந்தேன். இரண்டு பக்கமும் முடி பிரிந்து நின்றது. குட்டைதான், ஆனால் பிரிந்து நின்றது. முன்பக்கம் கிளிப் எதுவும் குத்தாமல், பின்பக்கப் பின்னலில் நான்கு முழம் மல்லிகையை வைத்துவிட்டாள்.

கெட்டிமேளம் கொட்டியது. குணா முதல் முடிச்சைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். நான் கலைவாணியின் பின்னால் குனிந்தேன். ஒன்று, பிறகு இன்னொன்று. "நல்லா இறுக்கமாப் போடுங்க அண்ணி" என்று கலைவாணி திரும்பாமலே மெதுவாகச் சொன்னாள். போட்டேன். நிமிர்ந்தபோது அட்சதை எல்லோர் மேலும் விழுந்தது. என் வகிட்டில் விழுந்த அரிசியைத் தட்டிவிட மனம் வரவில்லை.

பந்தியில் என் பக்கத்து இலையில் பெண் வீட்டுக்காரர் ஒருவர் உட்கார்ந்தார். கலைவாணியின் ஊர்க்காரர், சொந்த நிலத்தில் பயிர் வைக்கும் ஒரு வயதான பெண்மணி. கையெல்லாம் காய்த்திருந்தது. வடையைப் பிட்டுக்கொண்டே என் தலையைக் கவனித்துப் பார்த்தார்.

"முன்னாடி புதுசா முடி மொளைக்குதே. இன்னா எண்ணெய் வெக்கிற?"

ஒரு வாரம் முன்னால் இருந்திருந்தால் சட்டென்று ஏதோ ஒரு எண்ணெயின் பெயரைச் சொல்லியிருப்பேன்.

"எண்ணெய் இல்லைங்க. அடிபட்டு அந்த இடத்துல முடி போயிடுச்சு. பின்னாலேர்ந்து எடுத்து முன்னால வெச்சாங்க."

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "வேரோடவா?"

"வேரோடதாங்க. ஒண்ணொண்ணா."

"நாத்து புடுங்கி நடவு நடற மாதிரின்னு சொல்லு." எதிர் இலையில் இருந்தவரிடமும் திரும்பிச் சொன்னார்: "இந்தப் பொண்ணு தலையில நடவு நட்டுருக்குது." அப்புறம் என் பக்கம் சாய்ந்து, வகிட்டின் இரண்டு பக்கத்தையும் வயலைப் பார்ப்பது மாதிரி நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எல்லாம் புடிச்சிக்கிச்சா?"

"புடிச்சிக்கிச்சுங்க" என்றேன்.